புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் தருவது யார்?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

எங்கள் பள்ளி ஆய்வுக்கூட அலமாரியில் ஒரு சீசா இருக்கிறது. 'எத்தனாயிக் அமிலம்' என்று எழுதி அதன்மேல் ஒட்டியிருக்கிறார்கள். மூடியைத் திறந்தால் போதும், மூக்கைத் துளைக்கும் நெடி! பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் இதன் வாய்பாட்டையும் பண்புகளையும் நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அசிட்டிக் அமிலம் என்பது இதன் பழைய பெயர். நீர் நிறையக் கலந்தால் அதுவே வினிகர். ஊறுகாய் கெடாமல் இருக்க ஊற்றுகிறார்களே, அதேதான்.

ஒருநாள் மாலை இந்தச் சீசாவைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். அருகில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த எங்கள் அம்மாயி, "அந்த வாடை எனக்கு நல்லாத் தெரியுமே! என் உசிரைக் காப்பாத்துன தண்ணியாச்சே அது" என்றார். அம்மாயி வேடிக்கையாகப் பேசுவதில் வல்லவர். ஆகவே நானும் தம்பியும் சிரித்துவிட்டோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அது வேடிக்கையல்ல என்று தெரிந்துகொண்ட பிறகு, நூலகத்தில் கிடைத்தவற்றைப் படித்தும், அறிவியல் ஆசிரியையிடம் கேட்டும் நான் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு சொல். இக்கட்டுரையில் 'கருப்பை வாய்' என்ற சொல் பல இடங்களில் வரும். ஆண்டு மலரில் இதை அச்சிடலாமா என்று தயங்கித் தமிழாசிரியையிடம் கேட்டேன். அவர் தலைமையாசிரியைச் சகோதரி அவர்களிடம் கேட்டார். "இறைவன் படைத்த உறுப்புத்தானே, எழுதட்டும்" என்று சகோதரி அவர்கள் அனுமதி தந்துவிட்டார்கள். எனவே தோழியர் யாரும் பக்கத்தை மறைத்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டியதில்லை!

புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. உடலின் உயிரணுக்கள் அளவோடு பெருகுவதே இயற்கை. அந்த ஒழுங்கு கெட்டு, அவை தம் விருப்பம்போல் பெருகத் தொடங்குவதையே புற்று என்கிறோம். இது வாயிலும் வரலாம், இரைப்பையிலும் வரலாம், மார்பகத்திலும் வரலாம், இரத்தத்திலும் வரலாம். காரணங்கள் வேறு, வளரும் வேகம் வேறு, மருத்துவமும் வேறு. இவ்வளவும் நாம் பாடநூலில் படித்தவையே. பாடநூலில் இல்லாத செய்தி ஒன்று எனக்கு வியப்பைத் தந்தது. இந்நோய் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது என்பதுதான் அது!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கையில் உள்ள எண்களைப் பாருங்கள். மிசோரம் மாநிலத்து ஐசால் மாவட்டத்தில் இலட்சம் ஆண்களுக்கு ஆண்டொன்றில் 269 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் காணப்படுகிறது. மகாராட்டிரத்தில் ஒஸ்மானாபாத், பீடு ஆகிய இரு மாவட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் அதே எண் 39 அல்லது 40தான். (ஒஸ்மானாபாத்தை இப்போது தாராசிவ் என்கிறார்கள்.) ஓர் ஊரில் முதியோர் மிகுதி, மற்றோர் ஊரில் இளையோர் மிகுதி என்ற வேறுபாட்டைச் சரிசெய்த பிறகு கிடைத்த எண்கள் இவை. பெண்களில் மிக உயர்ந்த வீதம் அருணாசலப் பிரதேசத்தின் பப்பும்பரே மாவட்டத்தில். இலட்சத்துக்கு ஏறத்தாழ 220. ஒரே நாடு, ஒரே கொடி, ஏறத்தாழ ஏழு மடங்கு வேறுபாடு!

அளவு மட்டுமா வேறுபடுகிறது? வகையும் வேறுபடுகிறது. மிசோரத்தில் இரைப்பைப் புற்று மிகுதி. கங்கைக் கரை மாவட்டங்களில் பித்தப்பைப் புற்று மிகுதி. புகையிலை மெல்லும் பழக்கம் உள்ள இடங்களில் வாய்ப் புற்று. அப்படியானால் பாரிசிலோ நியூயார்க்கிலோ நடந்த ஆராய்ச்சியைக் கொண்டு ஐசாலில் வாழும் ஒருவரின் இரைப்பையைப் பற்றி எவ்வளவு அறிய முடியும்? அவர் சாப்பிடும் புகையூட்டிய இறைச்சியையும், அவர் பயன்படுத்தும் புகையிலையையும், அவர் ஊர் அடுப்பையும் ஆராய அங்கேதான் செல்ல வேண்டும். வட்டார ஆராய்ச்சி என்பது இதுவே.

எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. பீடு மாவட்டத்தில் எண் குறைவாக இருப்பது நோய் குறைவு என்பதாலா, அல்லது நோய் வந்தவர் மருத்துவமனைக்குச் செல்லாமலே இறந்துபோவதால் கணக்கில் வராததாலா? இரண்டும் கலந்திருக்கக்கூடும் என்றார் அறிவியல் ஆசிரியை. எண்ணுவது அவ்வளவு எளிதன்று என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நம் நாட்டில் ஒரு மக்கள்தொகை முழுவதற்குமான முதல் புற்றுநோய்ப் பதிவேடு 1963-ல் பம்பாயில் தொடங்கப்பட்டது. இந்தியப் புற்றுநோய்ச் சங்கம் என்ற தொண்டு நிறுவனம் அதைத் தொடங்கியது. பின்னர் 1981-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது மத்திய அரசின் பணம், தேசியப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பம்பாய், பெங்களூர், சென்னை ஆகிய மூன்று நகரங்களின் பதிவேடுகள் அதில் முதலில் இடம்பெற்றன. சென்னைப் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் நிலையம் ஏற்று நடத்தியது.

பதிவேடு என்றால் யாரோ ஒருவர் நாற்காலியில் அமர்ந்து எழுதுவது என்று நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. சில வெளிநாடுகளில் புற்றுநோயைக் கண்ட மருத்துவர் அதை அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று சட்டம் உண்டு. நம் பதிவேடு தொடங்கியபோது இங்கு அப்படி இல்லை. ஆதலால் பதிவேட்டுப் பணியாளர்களே ஒவ்வொரு மருத்துவமனையாக, ஒவ்வொரு பரிசோதனைக் கூடமாக ஏறி இறங்கினார்கள். அத்துடன் மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் புரட்ட வேண்டும். ஒரே நோயாளி மூன்று இடங்களுக்குச் சென்றிருப்பார். ஓரிடத்தில் லட்சுமி, மற்றோரிடத்தில் இலட்சுமி, இன்னோரிடத்தில் லெட்சுமியம்மாள்! மூவரும் ஒருவரே என்று கண்டுபிடிக்காவிட்டால் கணக்கு மூன்றாகிவிடும். வயது, கணவர் பெயர், தெரு இவற்றையெல்லாம் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். இது ஒரு நாள் வேலையன்று, ஆண்டுக்கு ஆண்டு தொடரவேண்டிய வேலை. நடுவில் நின்றுவிட்டால் முன்னே எழுதியதும் பயனற்றுப் போகும்.

இப்படி எழுதியதால் கண்ட பயன் என்ன? 1980களின் தொடக்கத்தில் சென்னைப் பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்று. அது ஆண்டுதோறும் குறைந்து வந்தது. மார்பகப் புற்று ஏறிக்கொண்டே வந்து முதலிடத்தைப் பிடித்துவிட்டது. பதிவேடு இல்லையென்றால் இந்த மாற்றம் எவர் கண்ணுக்கும் தெரிந்திராது. ஒவ்வொரு மருத்துவரும் தம்மிடம் வந்தவர்களை மட்டுமே அறிவார்.

இந்தச் செய்திகளை நான் மகிழ்ச்சியோடு சொன்னபோது அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறார். "ஆசுபத்திரியில படுக்க இடமில்லாம வராந்தாவுல சனங்க கெடக்குறாங்க. அங்க போய்க் கணக்கு எழுதுறவனுக்குச் சம்பளமா? அந்தக் காசுல நாலு கட்டில் வாங்கிப் போடலாமே, பாப்பா" என்றார். நான் சிறிது நேரம் வாயடைத்து நின்றேன். உண்மையாகவே எனக்கு விடை தெரியவில்லை.

இரவு படுத்த பிறகுதான் தோன்றியது. மறுநாள் காலையில், "அப்பா, உங்க மண்டியில சிட்டையும் பேரேடும் வேண்டாம், அந்தச் சம்பளத்துக்கு இன்னும் ரெண்டு மூட்டை தக்காளி வாங்கிடலாம்னு முதலாளி சொன்னா ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டேன். அப்பா சிரித்தார். எந்தக் காய் எவ்வளவு வந்தது, எது கேரளாவுக்குப் போனது, எது அழுகிப் போனது என்பதைப் பேரேடு பார்த்துத்தானே அடுத்த பருவத்துக்கு முன்பணம் கொடுக்கிறார்கள்! "சரி, கணக்கு வேணும். ஆனா கட்டிலும் வேணும்" என்றார் அப்பா. அதை நான் மறுக்கவில்லை. படுக்கை கேட்டு நிற்பவர் கண்ணெதிரே நிற்கிறார். கணக்கினால் நோய் வராமல் தப்புகிறவர் தாம் தப்பினோம் என்பதையே அறியமாட்டார். ஆகவே அவருக்காகக் குரல் கொடுக்க எவரும் வருவதில்லை.

அடையாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அல்லவா? புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர்; சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர்; சட்டமன்ற மேலவையில் அமர்ந்த முதல் பெண்மணி. அவருடைய தங்கை புற்றுநோயால் மாண்டார். அந்தத் துயரமே ஒரு மருத்துவமனையாக எழுந்தது எனலாம். தொடக்கத்தில் அரசின் ஆதரவு எளிதில் கிடைக்கவில்லை. பிழைக்கவே மாட்டார்கள் என்று கருதப்பட்ட நோயாளிகளுக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணமே அப்போது பரவலாக இருந்தது. இந்திய மாதர் சங்கத்தின் பெண்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். 1952-ல் பிரதமர் நேரு அவர்கள் அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளுடன் நிலையம் தொடங்கியது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் தம் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே செலவிட்டனர். 1975-ல் மத்திய அரசு அதனை வட்டாரப் புற்றுநோய் மையமாக ஏற்றது. டாக்டர் சாந்தா அவர்கள் 2005-ல் மகசேசே விருது பெற்றார், 2021-ல் மறைந்தார். பொதுமக்கள் இட்ட காசில் பிறந்து, பின்பு அரசின் மானியத்தையும் பெற்று வளர்ந்த நிலையம் அது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் கதையும் ஏறக்குறைய இதுதான். டாட்டா அறக்கட்டளை 1941-ல் கட்டியது. 1957-ல் மத்திய அரசு ஏற்றது. 1962 முதல் அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது.

இனி அம்மாயியின் கதைக்கு வருகிறேன்.

அம்மாயிக்கு ஓர் அக்கா இருந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. அவருக்கு நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அவ்வப்போது இரத்தப்போக்கு இருந்திருக்கிறது. உடம்புச் சூடு என்று மோரும் வெந்தயமும் சாப்பிட்டு வந்தாராம். ஆண்களிடம் சொல்ல வெட்கம். பெண்களிடம் சொன்னாலும் 'அந்த வயசுல அப்படித்தான்' என்ற பதில். இடுப்பு வலி தாங்க முடியாமல் மருத்துவமனைக்குச் சென்றபோது நோய் முற்றிவிட்டது. 1994-ல் இறந்துபோனார். கருப்பை வாய்ப் புற்று என்று அப்போதுதான் வீட்டாருக்குத் தெரிந்தது.

இந்நோய்க்கு ஒரு தன்மை உண்டு. பாப்பிலோமா என்ற வைரசே இதற்குக் காரணம். தொற்றியவுடன் புற்று வந்துவிடுவதில்லை. பெரும்பாலோர்க்குத் தானாகவே அகன்றுவிடும். சிலருக்கு மட்டும் தங்கி, உயிரணுக்களை மெல்ல மெல்ல மாற்றுகிறது. அந்த மாற்றம் புற்றாக முதிர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டால் போதும், தடுத்துவிடலாம்! மேல்நாடுகளில் உயிரணுக்களைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அதற்குப் பரிசோதனைக் கூடமும், பயிற்சி பெற்ற கண்களும், முடிவு வந்ததும் அந்தப் பெண்ணைத் திரும்ப அழைக்கும் வசதியும் வேண்டும். கடலைக் காட்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணை மூன்று வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னால் வருவாரா?

இங்கேதான் நம் வினிகர் வருகிறது. 3 முதல் 5 விழுக்காடு வரையுள்ள அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பை வாயில் தடவுகிறார்கள். ஒரு நிமிடம் காத்திருக்கிறார்கள். கெட்டுப்போகத் தொடங்கிய உயிரணுக்களில் புரதம் மிகுதி. அமிலம் பட்டவுடன் அந்தப் புரதம் உறைந்து, அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் உறைந்து வெளுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கும், பஞ்சும், பயிற்சி பெற்ற ஒரு செவிலியும் போதும். முடிவு அப்போதே தெரிந்துவிடும். வெள்ளையாகத் தெரிந்தால் புற்று என்று பொருளல்ல, மேலும் பார்க்க வேண்டும் என்றே பொருள். மாற்றம் உண்டென்றால் குளிர்ந்த வாயுவால் அந்த இடத்தை உறையவைத்து நீக்கிவிடலாம். அறுவை இல்லை.

ஆனால் இந்த எளிய முறை உண்மையிலேயே உயிரைக் காக்கிறதா? அதை எங்கே சோதித்தார்கள் தெரியுமா? நம் திண்டுக்கல் மாவட்டத்தில்! ஒட்டன்சத்திரத்துக்கு அருகே உள்ள அம்பிளிக்கை கிறித்தவ ஐக்கிய மருத்துவமனையார், அடையாறு நிலையத்தார், கோவை பி.எஸ்.ஜி. மருத்துவ நிறுவனத்தார், பிரான்சு நாட்டில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையைச் சேர்ந்த டாக்டர் சங்கரநாராயணன் ஆகியோர் இணைந்து 2000-ல் ஆய்வைத் தொடங்கினர். ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்தனர். சீட்டுக் குலுக்கிப் போடுவது போன்ற முறையில் 57 தொகுதிகளைச் சோதனைக்கும், மற்ற 57 தொகுதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் ஒதுக்கினர். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள். சோதனைப் பிரிவில் 49,311 பேர்; ஒப்பீட்டுப் பிரிவில் 30,958 பேர்.

அம்மாயியின் ஊர் சோதனைப் பிரிவில் விழுந்தது. 2001-ல், அவருக்கு 43 வயதாக இருந்தபோது, செவிலியர் வீடு வீடாக வந்து அழைத்தார்களாம். போகவேண்டாம் என்று தடுத்தவர்களே மிகுதி. "அக்கா மொகம் கண்ணு முன்னாடி வந்துச்சு. பொடவையை மாத்திக்கிட்டுப் போயிட்டேன்" என்கிறார் அம்மாயி. தடவிய பிறகு செவிலி இன்னொரு செவிலியை அழைத்துப் பார்க்கச் சொன்னதும், பெரிதாக்கிக் காட்டும் கருவி ஒன்றைக் கொண்டுவந்ததும், பிறகு அடிவயிற்றில் ஐஸ் வைத்ததுபோல் சில்லென்று இருந்ததும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அரை நாள் கூலி போயிற்று என்பதும் நினைவிருக்கிறது! அன்று செய்யாதிருந்தால் அது புற்றாக மாறியிருக்குமா என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அம்மாயிக்கு அதில் ஐயமே இல்லை.

அழைக்கப்பட்டவர்களில் 31,343 பேர் வந்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர். அவர்களில் 3,088 பேருக்கு வெண்மை தெரிந்தது. 2006 வரையிலான கணக்கை 2007-ல் 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழ் வெளியிட்டது. சோதனை நடந்த ஊர்களில் இந்நோய் நூற்றுக்கு 25 பங்கும், இந்நோயால் நேர்ந்த இறப்பு நூற்றுக்கு 35 பங்கும் குறைந்திருந்தன. ஒருமுறை, ஒரேயொரு முறை, பஞ்சில் தோய்த்த அமிலத்தால் பார்த்ததன் பலன்! இதைக் கண்டறிவதற்கும் பதிவேடு தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள். எந்த ஊரில் யாருக்கு நோய் வந்தது என்று எழுதி வைக்காமல் 25 என்றும் 35 என்றும் எப்படிச் சொல்ல முடியும்? இதைச் சொன்னபோது அப்பா பெருமையுடன் தலையசைத்தார்.

சரி, இந்த ஆய்வுக்குப் பணம் தந்தவர் யார்? தேடிப் பார்த்து ஏமாந்துபோனேன். நம் அரசு அல்ல. அமெரிக்காவின் பில் கேட்சு அறக்கட்டளையின் பணம் அது. திருவனந்தபுரம் வட்டாரத்தில் 1996 முதல் வாய்ப் புற்றைக் கண்ணால் பார்த்தே கண்டறியும் ஆய்வு ஒன்று நடந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்று இறப்பு நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது என்று அது காட்டியது. அதற்கும் பெரும்பங்கு வெளிநாட்டு நன்கொடையே. நன்கொடையாளரிடம் எனக்குக் குறை எதுவும் இல்லை. அம்மாயி அவர்களால்தான் நலமாக இருக்கிறார். ஆயினும் நம் ஊர்ப் பெண்களை எந்த நோய்க்குச் சோதிப்பது என்பதைத் தொலைவில் இருப்பவர் விரும்பினால் மட்டுமே அறிய முடியும் என்றால் அது சரியா? அவர்கள் திட்டம் ஐந்தாண்டு என்றால் ஐந்தாண்டில் முடியும். நோய் ஐந்தாண்டில் முடிவதில்லை.

கம்பெனிகள் தரலாமே என்று என் தோழி கேட்டாள். தரமாட்டார்கள். வினிகரை ஆராய்ந்தால் விற்பதற்கு என்ன கிடைக்கும்? வினிகரா? புது மருந்து ஒன்று கண்டுபிடித்தால் பதினைந்து இருபது ஆண்டுகள் உரிமை பெற்று விற்கலாம். 'இந்த ஊரில் இந்த நோய் இவ்வளவு' என்ற செய்தியை யாரிடம் விற்பது? இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வணிகம் என்றால் இலாபம் வேண்டும், அது இயல்பே. மண்டிக்காரர் மகள் எனக்கு இது தெரியாதா? (உண்மையில் மண்டிக் கணக்கர் மகள்!) ஆகவேதான் விற்க முடியாத அறிவுக்கு வரிப்பணம் வேண்டும் என்கிறேன். நாம் வாங்கும் சோப்பிலும் பேனாவிலும் கூட வரி இருக்கிறது. அம்மாயியும் வரி கட்டுகிறார், நானும் கட்டுகிறேன்.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. இந்நோய்க்கு இப்போது தடுப்பூசி இருக்கிறது. முதலில் மூன்று ஊசிகள் போட வேண்டும் என்றனர். இரண்டு போதுமா என்று பார்க்க 2009-ல் இந்தியாவில் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கிற்று. 10 முதல் 18 வயது வரையுள்ள சுமார் 17,700 சிறுமியர் அதில் ஊசி போட்டுக்கொண்டனர். நடுவில், 2010-ல், வேறொரு தடுப்பூசித் திட்டத்தைச் சார்ந்து எழுந்த சர்ச்சையால் அரசு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. அதனால் பல சிறுமியர்க்கு ஒரே ஊசியுடன் நின்றுபோயிற்று. ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடவில்லை; பத்தாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்து வந்தனர். ஒரே ஊசியும் நன்றாகக் காப்பது தெரிந்தது! பிற நாட்டு ஆய்வுகளும் அதையே சொல்ல, 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரே ஊசி முறையையும் ஏற்றது. ஊசி விற்பவர் எவராவது, குறைவாகப் போட்டால் போதுமா என்று ஆராயத் தம் பணத்தைச் செலவிடுவாரா? அதே 2022-ல் நம் நாட்டிலேயே தயாரான 'செர்வாவாக்' ஊசிக்கு அனுமதி கிடைத்தது. அதை உருவாக்கியதில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் பணமும் இருக்கிறது.

அரசுப் பணத்தால் நடந்த ஆய்வு ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. கேரளக் கடற்கரையில் கருநாகப்பள்ளி வட்டாரத்தில் சவரா, நீண்டகரை என்ற ஊர்கள் உள்ளன. அங்குள்ள கரு மணலில் தோரியம் கலந்திருப்பதால் இயற்கையாகவே கதிர்வீச்சு மிகுதி. அந்த மணலில்தான் மக்கள் வீடு கட்டி, வலை உலர்த்தி, பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அவர்களுக்குப் புற்று வருமோ என்ற அச்சம் இருந்தது. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையம் 1990-ல் அங்கே ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. அணுசக்தித் துறை நிதி தந்தது. ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் கவனித்து, அந்தக் கதிர்வீச்சினால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-ல் அறிவித்தார்கள். 'பயப்படாதே' என்று சொல்ல எவ்வளவு உழைப்பு பாருங்கள்!

திண்டுக்கல் ஆய்வில் என் மனத்தை உறுத்துவது ஒன்று இருக்கிறது. ஒப்பீட்டுப் பிரிவில் விழுந்த 30,958 பெண்களின் நிலை என்ன? அவர்களுக்கு வழக்கமான மருத்துவ வசதியும் நலக்கல்வியும் மட்டுமே. மும்பையிலும் ஒஸ்மானாபாத்திலும் நடந்த இத்தகைய ஆய்வுகளையும் சேர்த்து, இவ்வாறு ஒரு பாதியைச் சோதிக்காமல் விட்டது முறையா என்று மருத்துவர் சிலர் பின்னாளில் கண்டித்து எழுதினார்கள். அப்போது மாவட்டத்தில் யாருக்குமே சோதனை இல்லை, ஒப்பிட்டுப் பார்க்காமல் பயனை நிரூபிக்க முடியாது, நிரூபிக்காமல் அரசு ஏற்காது என்பது மறுபக்கத்தாரின் விடை. இரண்டையும் படித்தேன். சாலைக்கு இந்தப் பக்கம் அம்மாயி. அந்தப் பக்கத்து ஊரிலும் ஒரு அம்மாயி இருந்திருப்பாரே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் நமக்காகக் காத்திருந்தார். அவருக்கு நாம் பட்ட கடன், முடிவு தெரிந்த அன்றே எல்லோருக்கும் சோதனையைக் கொண்டுசெல்வதால் மட்டுமே தீரும்.

தமிழக அரசு தொடங்கத்தான் செய்தது. 2007-ல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் வெள்ளோட்டமாக ஆரம்பித்து, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரப்பினார்கள். 2012 முதல் மாநிலம் முழுவதற்குமாகப் பதிவேட்டுத் திட்டமும் வந்தது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் என்றாவது ஒருமுறை இச்சோதனை செய்துகொண்டவர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை, 9.8தான்! இந்தியா முழுவதும் பார்த்தால் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஏன் வரவில்லை? வெட்கமா, கூலி போய்விடும் என்பதா, தெரியாமையா, சோதிக்கும் அறைக்குத் திரைச்சீலை இல்லாமையா? எங்கள் ஊரில் எது காரணம், ஐசாலில் எது காரணம்? இதையும் ஒருவர் ஆராய வேண்டும். இதிலும் விற்பதற்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை.

எங்கள் அம்மாவுக்கு வயது 41. இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது, "நீங்க போய்ப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டேன். "எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். அம்மாயி பூண்டுத் தட்டைக் கீழே வைத்தார். அதன்பின் அவர் பேசியதை ஆண்டு மலரில் அச்சிட முடியாது. மறு வாரம் அம்மாயியே துணைக்குச் செல்ல, அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வந்தார். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டதாம். ஒன்றுமில்லை என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"சீட்டை எனக்குக் குடுத்துட்டு, அதையே அந்த நர்சு ஒரு பெரிய நோட்டுலயும் எழுதிக்கிச்சு. எதுக்குன்னு தெரியல" என்றார் அம்மா.

அப்பா சிட்டைக் கட்டிலிருந்து தலைநிமிர்ந்தார். "பேரேட்டுல ஏத்தத்தான்" என்றார்.